பொன்னாடை வீட்டுக் குப்பை

அந்த அக்காவுக்கு எங்கள் வார்டில் ஒரு ஆளுடைய பெயரும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதும் இல்லை. அவராகவே ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பெயர் வைத்திருந்தார். பாதி இட்லி வீடு, டயப்பர் வீடு, குப்பி சாரு, கூரியர் வீடு, மாத்திரை மாமி. எல்லாம் அந்தந்த வீட்டுக் குப்பையைப் பார்த்து வைத்த பெயர்கள். மாத்திரை மாமி மாதாமாதம் பை நிறைய மாத்திரை வாங்கி, ஒன்றைக்கூட விழுங்காமல் அட்டையோடு தூக்கிப் போடுகிறவர். கூடவே இருக்கும் மருமகளுக்குத் தெரியாத இந்த விஷயம் அக்காவுக்குத் தெரியும். ஆகவே நானும் அக்காவின் பெயரைச் சொல்லப் போவதில்லை. கேள்விப்பட்டால் அவர் வருத்தப்பட மாட்டார்.

நகராட்சியின் உரக்கூடத்துக்கு அவர் மேஸ்திரி. உரக்கூடம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். குளக்கரையை ஒட்டி ஒரு தகரக் கூரை, பன்னிரண்டு சிமெண்டுத் தொட்டிகள், குப்பையைக் கொட்டிப் பிரிக்க ஒரு நீள மேசை, பிரிப்பதற்கு நான்கு பெண்கள், வீடு வீடாகப் போய்வர ஒரு பேட்டரி வண்டி. மக்கும் குப்பை தொட்டிக்குப் போய் நாற்பது நாளில் உரமாகும். மக்காதது வகைவகையாக மூட்டை கட்டி லாரியில் ஏறும். அங்கே எனக்கு வேலை பரப்புரையாளர். எம்.ஏ. பொருளாதாரம் படித்துவிட்டு முப்பத்தெட்டு வயதில் பச்சைக் கோட்டு மாட்டிக்கொண்டு, எது பச்சை டப்பா எது நீல டப்பா என்று வாசல் வாசலாகப் போய் ஒப்பிப்பதற்குத்தான் அவ்வளவு பெரிய பெயர். மீதி நேரத்தில் போட்டோ எடுத்து வாட்ஸப் குழுவில் போட வேண்டும். போட்டோவில் குப்பை இருக்க வேண்டும், ஆனால் அசிங்கமாக இருக்கக் கூடாது என்பது மேலிடத்து உத்தரவு.

என் பரப்புரையில் அக்காவுக்குக் காலணா நம்பிக்கை கிடையாது. என்னை “டீச்சரே” என்றுதான் கூப்பிடுவார், மரியாதையினால் அல்ல. சொல்லித் திருந்துகிற சாதி மனுஷ சாதி இல்லை என்பது அவர் கட்சி. பிரிக்காத குப்பை வந்தால் அவர் நோட்டீஸ் ஒட்ட மாட்டார், சண்டை போட மாட்டார். பையைத் திரும்பக் கட்டி, போட்டவர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார். எந்த வீட்டுப் பை என்று கண்டுபிடிக்க அவருக்கு அதிக நேரம் ஆகாது. பால் கவரின் மூலையை ஒரு வீட்டில் பல்லால் கடிப்பார்கள், இன்னொரு வீட்டில் கத்தரியால் வெட்டுவார்கள். இதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

குப்பி சாரு கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். சாயங்காலம் கொஞ்சம் ஏற்றிக்கொள்வார், அதில் அக்காவுக்கு ஆட்சேபம் இல்லை. காலிக் குப்பிகளைப் பேப்பரில் சுற்றி, மரச்சீனிக் கிழங்குத் தோலுக்கும் மீன் செதிலுக்கும் நடுவே ஒளித்து அனுப்புவார், அதுதான் சிக்கல். ஒருநாள் உடைந்த குப்பி ஒன்று மேசையில் பிரித்துக்கொண்டிருந்த பெண்ணின் கையைக் கிழித்துவிட்டது. நாலு தையல். அன்றைக்கே அக்கா பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். நானும் பின்னால் ஓடினேன். வாசலில் மூன்று கார் நின்றது. சாருடைய மகளைப் பெண் பார்க்க மார்த்தாண்டத்திலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். வேறு யாராக இருந்தாலும் நாளைக்கு வரலாம் என்று திரும்பியிருப்பார்கள். அக்கா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போய், லட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் பையை இறக்கினார்.

“சாரே, உங்களுக்க சாமானு ஒண்ணு தெரியாம எங்கிட்ட வந்துட்டு. ஆறு குப்பி இருக்கு, ஒண்ணு ஒடஞ்சது. எண்ணிப் பாத்துக்கிடுங்கோ.”

சாருடைய முகம் போன போக்கைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மாப்பிள்ளையின் அப்பா குனிந்து பைக்குள்ளிருந்து ஒரு குப்பியை எடுத்தார். மூக்குக்கண்ணாடி இல்லாததால் கையை நீட்டிப் பிடித்து லேபிளை முழுதாகப் படித்தார். பிறகு சம்பந்தியாகப் போகிறவரைப் பார்த்து, நல்ல சரக்குதான் என்பது போலத் தலையை ஆட்டினார். அந்த மாதமே நிச்சயமாயிற்று. அதற்குப் பிறகு சாரு குப்பிகளைக் கழுவித் தனிப் பையில் போட்டுத் தாமே உரக்கூடத்துக்குக் கொண்டுவந்து கொடுத்தார். அக்கா அவருக்கு சாயா வாங்கிக் கொடுப்பார், முகத்துக்கு நேரே குப்பி சாரு என்றும் கூப்பிடுவார்.

சாமி காரியம் என்றாலும் இதே கதைதான். கோயில் கொடை விழா முடிந்து மாலைகள் மூட்டை மூட்டையாக வரும். தோவாளைப் பூவில் அவருக்குக் குறையே இல்லை, வாழைநாரில் கட்டியிருந்தால் கும்பிட்டுத் தொட்டியில் போடுவார். நைலான் நூலும் ஜிகினாவும் இருந்தால் மூட்டை கோயில் கமிட்டிச் செயலாளர் வீட்டு வாசலில் போய் இறங்கும். சாமிக்குச் சாத்தினது அல்லவா என்று செயலாளர் பயமுறுத்திப் பார்த்தார். சாமி கழற்றிப் போட்டாச்சு, நூலை நீரே அறுத்துத் தாரும் என்று சொல்லிவிட்டு வந்தார் அக்கா. கிறிஸ்துமஸ் முடிந்ததும் சர்ச்சிலிருந்து தெர்மகோல் மாட்டுத்தொழுவம் அப்படியே வந்தது, ஆடு மாடுகளோடு. அதை வண்டியில் ஏற்றி பாஸ்டர் வீட்டில் கொண்டுபோய் நிறுத்தியதும் இதே அக்காதான், தாமும் அந்தச் சபையில் ஞானஸ்நானம் வாங்கியவர் என்பதைக் கணக்கில் எடுக்காமல்.

கையுறை போட மாட்டார். போட்டோவுக்காக ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்தேன், போட்டோ எடுத்ததும் கழற்றிவிட்டார். தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டு, சூடு இருக்கிறதா என்று பார்ப்பார். சூடு இருந்தால்தான் உரம் சரியாக வெந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். நான் மூக்கைப் பொத்துவேன். ஆஸ்பத்திரிப் பிரசவ வார்டில் இருபது வருஷம் ஆயா வேலை பார்த்ததாகவும், ராஜா மகனானாலும் அழுக்கோடுதான் வெளியே வருவான் என்றும் சொல்லுவார். அந்தக் கையாலேயே எனக்கு வாழைக்காய் பஜ்ஜி நீட்டுவார். கழுவிட்டீங்களா என்று கேட்டால், வேண்டாம்னா தா ஏட்டி என்று பிடுங்கித் தின்றுவிடுவார்.

இத்தனைக்கும் ஒரு பையை மட்டும் அவர் திருப்பிக் கொடுத்ததே இல்லை. தெருக்கோடியில் ஒரு வீடு. மீன் முள், மருந்து அட்டை, பெரியவர்களுக்கான டயப்பர், எல்லாம் ஒன்றாகக் கசங்கி வரும். மற்றவர்கள் தொடுமுன் அக்கா அதைத் தம் பக்கம் இழுத்து, தாமே பிரித்துப் போடுவார். நியாயம் என்றால் எல்லோருக்கும் ஒன்றுதானே என்று நான் ஒருநாள் வாயைக் கொடுத்தேன். அந்த வீட்டில் பக்கவாதம் வந்த மனைவியும் கண் மங்கின கணவரும் மட்டும் இருக்கிறார்கள், அங்கே பிரிக்க ஆள் இல்லை என்றார். அவர்களை அவர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. பையைப் பிரித்தே அவ்வளவையும் தெரிந்துகொண்டிருந்தார். எனக்கு அன்றைக்கு அவர்மேல் மரியாதை வந்தது, கூடவே என் வீட்டுக் குப்பையை நினைத்துக் கொஞ்சம் கிலியும் வந்தது.

இனி பொன்னாடை வீட்டுக்கு வருகிறேன். அது எங்கள் கவுன்சிலரின் வீடு. கூட்டத்துக்குக் கூட்டம் அவருக்குப் போர்த்துகிற பாலியஸ்டர் பொன்னாடைகள் வாரம் ஏழெட்டு குப்பையில் வரும். அக்கா அவற்றைத் துவைத்து, மூட்டை கட்டும் கயிறாகக் கிழித்துக்கொள்வார். கவுன்சிலருக்கு உரக்கூடத்தைக் கண்டால் ஆகாது. நாற்றம் என்று குளக்கரைத் தெருக்காரர்கள் கொடுத்த மனுவில் முதல் கையெழுத்து அவருடையது. மூடிவிட்டால் குப்பையை முன்போல ஊருக்கு வெளியே மலையாகக் குவித்துவிடலாம், தெருவும் வாக்கும் தன் பக்கம் இருக்கும் என்பது அவர் எண்ணம். ஆனால் மூடினால் நான்கு பெண்களுக்கும் அன்றோடு வேலை போய்விடும். தினக்கூலி ஆட்களுக்கு மாற்று இடம் என்று ஒன்றும் கிடையாது. கை கிழிந்த பெண்ணுக்கு இரண்டு பிள்ளைகள், புருஷன் குளச்சலில் வேறொரு குடும்பத்தோடு இருந்தான்.

அந்த வருஷம் ஐப்பசியில் கவுன்சிலரின் அப்பா காலமானார். அரிசி மில் வைத்திருந்த பெரிய மனிதர். பதினாறாம் நாள் அடியந்திரத்துக்குள் தெருமுனைக்கு ஒன்றாக ஒன்பது பிளக்ஸ் எழுந்தது. பட்டுச் சட்டை, தங்கச் சங்கிலி, கண்ணீர் அஞ்சலி. படத்தில் பெரியவர் நம் தலைக்கு மேலே தூரத்தில் ஏதோ முக்கியமான காரியம் நடப்பது போலப் பார்த்துக்கொண்டிருப்பார். அடியந்திரச் சாப்பாடு முடிந்த மறுநாள் ஒன்பதும் கழற்றப்பட்டு, வாழையிலைகளோடு எங்கள் வாசலில் வந்து விழுந்தன.

செத்தவர் பிளக்ஸை என்ன செய்வது என்பது எங்கள் தொழிலில் தீராத தொல்லை. அது மக்காது. எரித்தால் முகத்தை எரித்த பாவம், வெட்டினால் அதைவிடப் பாவம். மழையோ கொட்டிக்கொண்டிருந்தது. கூரைக்கு வெளியே இருந்த ஏழு தொட்டிகளிலும் தண்ணீர் இறங்கினால் உரம் அழுகி, மனுவில் எழுதியிருந்த நாற்றம் நிஜமாகவே வந்துவிடும். அக்கா பிளக்ஸ்களைத் தொட்டிகளுக்கு மேல் விரித்துக் கட்டச் சொன்னார். முகம் மேலேயா கீழேயா என்று பெண்களுக்குள் வாக்குவாதம் வந்தது. கீழே போட்டால் யாருக்கும் தெரியாது என்றாள் ஒருத்தி. அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. எவ்வளவு பெரிய ஆளானாலும் செத்தவர் முகத்தைப் புழுவின்மேல் வைத்து அமுக்கக் கூடாது, வானத்தைப் பார்த்துக் கிடக்கட்டும் என்றார். எனக்குத் தெரிந்து அந்த வார்டில் ஒரு பெரிய மனிதருக்கு அவர் காட்டிய ஒரே மரியாதை அதுதான். அதுவே வினையாகவும் போயிற்று.

மனுவை விசாரிக்கப் புதிதாக வந்த சுகாதார அலுவலரைக் கூட்டிக்கொண்டு கவுன்சிலர் ஒருநாள் காலையில் வந்தார். அலுவலர் மூக்கை இரண்டு தரம் உறிஞ்சிப் பார்த்துவிட்டு, நாற்றம் ஒன்றும் இல்லையே என்றார். அக்காவின் முகம் மலர்ந்தது. நான் போனை எடுத்துப் போட்டோவுக்குத் தயாரானேன். அப்போது மழை விட்டு வெயில் அடித்து, தொட்டிகளின் சூட்டில் பிளக்ஸ்களின் ஓரத்திலிருந்து ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது. நாலாம் தொட்டியில் பெரியவரின் நெற்றிமேல் ஒரு காகம் உட்கார்ந்து மீன் முள்ளைக் கொத்திக்கொண்டிருந்தது. அலுவலர் வரிசையாகத் தெரிந்த முகத்தைப் பார்த்து, நல்ல யோசனையாக இருக்கிறதே, யார் இவர், நம் திட்டத்துக்கு விளம்பரத் தூதரா என்று கேட்டார்.

கவுன்சிலர் கையை வீசிக் காகத்தை விரட்டினார். பேசியபோது குரல் உடைந்திருந்தது. அவர்மேல் எனக்கு அந்த ஒரு நிமிஷம் பாவமாகத்தான் இருந்தது.

“எங்கப்பாவ குப்பையில போட்டுட்டேளே.”

“போட்டது நீங்க, சாரே” என்றார் அக்கா. “நாங்க எடுத்து விரிச்சோம்.”

அவர் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. ஆனால் அந்த நேரத்தில் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். கவுன்சிலர் பிளக்ஸ்கள் அத்தனையையும் உடனே அவிழ்க்கச் சொன்னார். எல்லோரையும் வெளியே அனுப்பி, தன் ஆளை விட்டு ஒரு பூட்டு வாங்கிவரச் செய்து கேட்டைப் பூட்டினார். அடுத்த வாரக் கூட்டத்தில் மூடுவதற்குத் தீர்மானம் வரும், அதற்கு முன்னால் இந்த அம்மாள் பத்துப்பேர் முன்னால் மன்னிப்புக் கேட்டால் யோசிக்கலாம் என்றார். அலுவலர் வேறு வேலை இருப்பதாகச் சொல்லி நழுவிவிட்டார். நான்கு பெண்களும் சோற்றுப் பாத்திரத்தோடு ரோட்டில் நின்றார்கள். சுருட்டிய பிளக்ஸ் ஒன்பதும் பக்கத்தில் கிடந்தது.

அக்கா கையைக் கட்டிக்கொண்டு ஒரு கல்லின்மேல் உட்கார்ந்திருந்தார். அவரை அப்படி நான் பார்த்ததில்லை. ஒரு வார்த்தை மன்னிப்பு என்று சொல்லிவிட்டால் என்ன என்று எனக்கே எரிச்சலாக வந்தது. கை கிழிந்த பெண் அழுகையோடு அதைக் கேட்டேவிட்டாள்.

“எனக்கு மன்னிப்புக் கேக்க மடியோ வெக்கமோ இல்ல பிள்ளே” என்றார் அக்கா. “ஆனா கேட்டா இந்த ஒன்பதும் நமக்கதுன்னு ஆயிரும். இன்னா, கூட்டம் கூட்டமா செத்துட்டு இருக்காவ. எல்லாரும் பிளக்ஸ நம்ம தலையிலதாம் கொண்டு வைப்பாவ.”

அன்று அவர் ஒன்பதையும் தம் வீட்டுக்குக் கொண்டுபோய், சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி வேலியில் காயவைத்தார். மறுநாள் காலை ஒரு தள்ளுவண்டி வாடகைக்குப் பிடித்து அதில் அடுக்கினார். எங்கே போகிறோம் என்று நான் கேட்கவில்லை, தெரியும். என் ஒப்பந்த வேலையும் போகப் போகிறது என்ற தைரியத்தில் கூடவே நடந்தேன்.

கவுன்சிலர் வராந்தாவில் பனியனோடு உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா கும்பிட்டு, உங்கள் சாமானைக் கொண்டுவந்திருக்கிறோம், இதை என்ன செய்ய வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள், அப்படியே செய்கிறோம் என்றார். கவுன்சிலர் எழுந்து கத்த ஆரம்பித்தார். சத்தம் கேட்டு உள்ளேயிருந்து அவருடைய அம்மா வந்தார். எழுபது வயதைத் தாண்டியவர், மெலிந்த உடம்பு, இரண்டு கையிலும் தேங்காய்த் துருவல் ஒட்டியிருந்தது. என்ன விஷயம் என்று மகனைக் கேட்கவில்லை, வண்டியைப் பார்த்து வந்தார். அக்கா ஒரு பிளக்ஸை எடுத்து முற்றத்தில் விரித்தார். அந்த அம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அதைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தார். இது எங்கே கிடந்தது என்று கேட்டார். அக்கா எதையும் மறைக்கவில்லை. மீன் கழிவும் சாப்பாட்டு எச்சிலும் மக்குகிற தொட்டிமேல், மழைக்கு மறைப்பாக என்று சொன்னார். கவுன்சிலர் கேட்டீங்களா அம்மா என்றார்.

“மழை எறங்கிச்சா?” என்று கேட்டார் அந்த அம்மா.

“ஒரு சொட்டு எறங்கல்ல.”

“முகம் எங்கோட்டு இருந்துது?”

“மேல பாத்து. புழு மேல முகத்த வைக்க மனசு வரல்ல, அம்மா.”

அந்த அம்மா தலையை ஆட்டினார். அழப்போகிறார் என்று நினைத்து நான் இரண்டடி பின்னால் நகர்ந்தேன். அவர் அழவில்லை.

“கீழ பாக்க வைங்கோ. நாப்பத்தாறு வருசம் இந்த மனுசன் எனக்க தலைக்கு மேல பாத்துத்தாம் பேசினாரு. இனி கொஞ்ச நாள் கீழ என்ன கெடக்குன்னு பாக்கட்டும்.” பிறகு மகனிடம் கையை நீட்டினார். “சாவியத் தாலே.”

கவுன்சிலர் என்னைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், தெருவில் நின்று வேடிக்கை பார்க்கிறவர்களைப் பார்த்தார். அம்மாவின் கை நீட்டினபடியே இருந்தது. உள்ளே போய்ச் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தார். தீர்மானம் அந்தக் கூட்டத்திலும் வரவில்லை, அதற்கடுத்த கூட்டத்திலும் வரவில்லை.

உரக்கூடத்தைத் திறந்ததும் அக்கா தாமே ஒவ்வொரு பிளக்ஸாக முகத்தைக் கீழே வைத்து விரித்து, நாலு மூலையிலும் இழுத்துக் கட்டினார். பெண்கள் சிரித்துச் சிரித்து வேலை பார்த்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. யாரையும் திட்டவும் இல்லை. பன்னிரண்டு மணி வாக்கில் பேட்டரி வண்டி வந்ததும் பொன்னாடை வீட்டுப் பையைத் தேடி எடுத்து, யாரையும் தொட விடாமல் மேசையில் கொட்டினார். இரண்டு பொன்னாடை, கவுன்சிலரின் சிகரெட் அட்டைகள், அவர் பிள்ளைகளின் சிப்ஸ் கவர், மனைவியின் ஷாம்பு பாட்டில், தேங்காய்ச் சிரட்டை, மீன் செதில். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துத் தள்ளி வைத்தார்.

“ஆறு வருசமா இந்த வீட்டுப் பைய பிரிக்கேன் ஏட்டி” என்றார். “அந்த அம்மைக்கதுன்னு சீப்புல வந்த ஒரு நரச்ச முடிகூட நான் கண்டதில்ல. உள்ள இப்பிடி ஒரு ஆளு இருக்குன்னு எனக்குத் தெரியாமப் போச்சே.”

பிறகு காலிப் பையை உள்ளே வெளியே புரட்டி, இன்னொரு தரம் உதறிப் பார்த்தார்.